அந்தப் புழு எந்தச் செடியில் இருந்தது? இளவேனில் கேள்வி பதில்

கொழுந்து விடத் தொடங்கியதும் புழுக்களைப் பற்றிய கேள்விகளும் வரத் தொடங்கிவிட்டன. பெரும்பாலானவை ஒரே மாதிரி: ஒரு படம், கீழே "இது என்ன?" என்று இரண்டு சொல். புழுவை உள்ளங்கையிலோ வெள்ளைத் தாளிலோ வைத்துப் பிடித்த படம். எனக்கு வேண்டிய பாதி விடை அது உட்கார்ந்திருந்த இலையில் இருக்கிறது, அந்த இலையைத்தான் விட்டுவிடுகிறீர்கள். அதனால் முதல் கேள்வியாக இதையே எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, படத்தில் உள்ள பச்சைப் புழு எந்த வண்ணத்துப்பூச்சியாக மாறும்? என் மகள் தோட்டத்திலிருந்து எடுத்து வந்தாள். எந்தச் செடி என்று அவளுக்கு ஞாபகமில்லை.

மயிரில்லாத பச்சைப் புழுக்கள் எத்தனையோ இனங்களில் உண்டு. படத்தை மட்டும் வைத்துச் சொன்னால் அது ஊகம்தான். மகளைக் கூட்டிக்கொண்டு அவள் எடுத்த இடத்துக்கே போங்கள். ஓரம் பிறைபோலக் கடிபட்ட இலைகளைத் தேடுங்கள். கீழ் இலைகளில் மிளகுபோல உருண்டை உருண்டையாகப் புழுக்கை சிதறிக் கிடந்தால் அந்தச் செடிதான். புழுவையும் அங்கேயே விட்டுவிடுங்கள். வேறு இலையைப் போட்டால் பெரும்பாலான புழுக்கள் பட்டினி கிடந்து சாகுமே தவிர வாய் வைக்காது.

காரணம் இருக்கிறது. பெரும்பாலான செடிகள் தம் இலையில் ஒருவித நஞ்சை வைத்துக் காத்துக்கொள்கின்றன. அந்த நஞ்சைத் தாங்கிப் பழகிய சில இனங்களுக்கே அது உணவு. முட்டையிட வரும் தாயைப் பார்த்தால் இது கண்முன்னே விளங்கும். பூக்களைச் சட்டை செய்யாமல் இலை இலையாகத் தாழப் பறப்பாள். ஒரு இலையில் இறங்கி முன்கால்களால் படபடவென்று தட்டுவாள். அவளுக்கு ருசி தெரிவது காலில். சரியில்லை என்றால் அடுத்த இலை. சரி என்றால் வயிற்றை வளைத்து ஒரு முட்டை. இப்படித் திரியும் பூச்சியைப் பின்தொடர்ந்து போங்கள், முட்டையும் செடியும் சேர்ந்தே கிடைக்கும்.

மரியா சிபில்லா மெரியன் என்ற ஓவியர் 1679-ல் வெளியிட்ட படங்களில் முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி எல்லாவற்றையும் அவற்றின் உணவுச் செடியோடு ஒரே தாளில் வரைந்தார். இன்று நீங்கள் எடுக்கும் படமும் அப்படி இருந்தால் போதும்.

எலுமிச்சைச் செடியில் பறவை எச்சம்போல ஒரு புழு இருந்தது. இன்று காலை அதே இலையில் பச்சைப் புழு. பழையதை இது தின்றுவிட்டதா?

இரண்டும் ஒன்றுதான். எலுமிச்சை அழகி, அதன் உறவான மார்மன் போன்ற பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் சின்ன வயதில் எச்சம்போல வேடம் போட்டுப் பறவைகளை ஏமாற்றும். நான்காவது முறை தோலுரித்ததும் எச்சம் என்று நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாகிவிடும், அப்போது இலைப் பச்சைக்கு மாறிக்கொள்ளும். அந்த இலையைச் சுற்றிப் பாருங்கள், கழற்றிப்போட்ட தலைக்கூடு கடுகளவில் கிடக்கலாம். தோலைப் பெரும்பாலும் தின்றுவிடும்.

ஒரு புல் நுனியால் அதன் முதுகை மெல்லத் தொடுங்கள், ஒரே ஒரு முறை. தலைக்குப் பின்னாலிருந்து கவைபோல இரட்டைக் கொம்பு பிதுங்கி வரும், காட்டமான வாடை வீசும். அழகி குடும்பத்துப் புழுக்களுக்கே உரிய அடையாளம் இது.

பட்டாம்பூச்சி பகலில் பறக்கும், அந்துப்பூச்சி இரவில் பறக்கும், இந்த வித்தியாசம் போதாதா?

போதாது தம்பி. பகலில் பறக்கும் அந்துப்பூச்சிகள் நிறைய உண்டு, கண்ணைப் பறிக்கும் நிறத்திலும் உண்டு. இறக்கையை மடக்கி வைத்தால் பட்டாம்பூச்சி, விரித்து வைத்தால் அந்துப்பூச்சி என்பதும் பாதி உண்மைதான். காலை வெயிலில் சூடேற்றிக்கொள்ளப் பட்டாம்பூச்சியும் இறக்கையை விரித்து வைக்கும்.

நான் முதலில் பார்ப்பது உணர்கொம்பை. மெல்லிய கம்பி, நுனியில் தீக்குச்சித் தலைபோல ஒரு குமிழ் என்றால் பட்டாம்பூச்சி. நூல்போல நுனி கூர்த்திருந்தாலோ, இறகுபோலக் கிளைத்திருந்தாலோ அந்துப்பூச்சி. இறகு அகலமாக இருந்தால் பெரும்பாலும் ஆண். தூரத்துப் பெண்ணின் வாசனையைக் காற்றில் பிடிக்கத்தான் அத்தனை அகலம். இதற்கும் விலக்கு இருக்கிறது: பர்னட் என்ற பகல் அந்துப்பூச்சிக்கு உணர்கொம்பு நுனி தடித்திருக்கும், ஸ்கிப்பர் என்ற பட்டாம்பூச்சி வகைக்குக் கொக்கிபோல வளைந்திருக்கும். வம்சாவளியைப் பார்த்தால் பட்டாம்பூச்சியே அந்துப்பூச்சி மரத்தின் ஒரு கிளைதான். இரண்டும் சேர்த்துப் பெயரிடப்பட்ட இனங்கள் சுமார் 1,60,000, அதில் பட்டாம்பூச்சி 18,000 அளவில். உங்கள் தோட்டத்துப் புழு அந்துப்பூச்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம், அதில் ஏமாற ஒன்றுமில்லை.

மேடம், என் புழு முட்டையிட்டிருக்கிறது! முதுகு முழுக்க அரிசி மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. எப்படிப் பாதுகாப்பது?

இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. புழு முட்டையிடாது, வளர்ந்த பூச்சிதான் இடும். நீங்கள் பார்ப்பவை ஒட்டுண்ணிக் குளவியின் கூடுகள். கொசுவளவே இருக்கும் அந்தக் குளவி பல நாட்களுக்கு முன்பே புழுவின் உடம்புக்குள் முட்டைகளைச் செலுத்திவிட்டது. குஞ்சுகள் உள்ளேயே தின்று வளர்ந்து, தோலைத் துளைத்து வெளியே வந்து, பட்டு நூலால் கூடு கட்டியிருக்கின்றன. புழு இனிப் பிழைக்காது. கூடுகளைப் பிய்த்தெடுத்தாலும் பயனில்லை.

முதல் முறை இதைப் பார்த்தபோது ஆத்திரத்தில் அத்தனை கூட்டையும் நசுக்கினேன். இன்று செய்ய மாட்டேன். ஒரு தாய் நூற்றுக்கணக்கில் முட்டையிடும் இடத்தில் செடிகள் மொட்டையாகாமல் நிற்பது இந்தக் குளவிகளாலும் பறவைகளாலும்தான். அப்படியே விட்டுவையுங்கள். சில நாட்களில் ஒவ்வொரு கூட்டின் நுனியும் மூடிபோலத் திறக்கும். கைக்கண்ணாடி இருந்தால் அதையும் பாருங்கள்.

கால்களை எண்ணிப் பார் என்கிறார்கள். எத்தனை இருக்க வேண்டும்?

தலையை ஒட்டி 3 ஜோடி கணுக்கால்கள், அவைதான் நிஜக் கால்கள். பின்னால் உள்ள சதைக்கால்கள் அதிகபட்சம் 5 ஜோடி, மிகச் சில குடும்பங்கள் தவிர. காவடிப்புழுவுக்கு நடுக்கால்கள் குறைவு, அதனால்தான் முதுகை வளைத்து வளைத்துப் போகிறது. சதைக்கால் 6 ஜோடியோ அதற்கு மேலோ இருந்து, தலையின் ஒவ்வொரு பக்கமும் பொட்டு வைத்ததுபோல ஒற்றைக் கண் தெரிந்தால் அது குளவிகளின் உறவான ரம்பப்பூச்சியின் புழு. எவ்வளவு காத்திருந்தாலும் பட்டாம்பூச்சி வராது.

இறக்கைப் பொடி கண்ணில் பட்டால் பார்வை போய்விடுமா? கம்பளிப்பூச்சியைத் தொடலாமா?

பொடி என்பது இறக்கையின் செதில்கள், நஞ்சு கிடையாது. கண்ணில் பட்டால் மற்ற தூசியைப்போல உறுத்தும், கழுவினால் போதும்.

கம்பளிப்பூச்சி வேறு விஷயம். எல்லா மயிரும் அரிக்காது, ஆனால் எது அரிக்கும் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. தொடாதீர்கள். பட்டுவிட்டால் தேய்க்காமல், ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் ஒட்டி உரித்தெடுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டாலோ மூச்சு முட்டினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

இரவில் அந்துப்பூச்சி பார்க்க என்ன வேண்டும்?

ஒரு வெள்ளை வேட்டி, ஒரு விளக்கு. நிலவில்லாத, காற்றடங்கிய, வெதுவெதுப்பான இரவு. நடுநிசிக்குள் விளக்கை அணைத்துத் துணியை மெல்ல உதறிவிட்டு வாருங்கள். விடியும்வரை எரியவிட்டால் களைத்துப்போய் அங்கேயே ஒட்டிக்கிடக்கும், காலையில் பறவைகளுக்கு விருந்தாகிவிடும்.

செம்மஞ்சள் நிறம், கறுப்பு முனை, வெள்ளைப் புள்ளி. வெந்தய வரியன் பட்டாம்பூச்சிதானே?

பின்னிறக்கையின் நடுவைக் காட்டாமல் படம் எடுத்திருக்கிறீர்கள்! அங்கே 3 கறுப்புப் புள்ளி இருந்தால் வெந்தய வரியன் பெண், 4 இருந்தால் ஆண். நடுவில் எதுவுமில்லாமல் மேல் விளிம்பருகே ஒன்று மட்டும் இருந்தால், அதன் வேடம் போட்ட டனாயிட் எக்ஃப்ளை என்ற வேறொரு பட்டாம்பூச்சியின் பெண். எருக்கின் நஞ்சை உண்டு வளர்ந்த வரியனைப் பறவைகள் ஒதுக்கும். நஞ்சில்லாத இவள் அந்த உடையை மட்டும் உடுத்திக்கொண்டு பிழைக்கிறாள். அடுத்த முறை மேல்பக்கம், அடிப்பக்கம் இரண்டையும் எடுங்கள்.

பட்டாம்பூச்சிகள் சேற்றில் கூட்டமாக உட்கார்ந்திருப்பது ஏன்?

உப்புக்காக. பெரும்பாலும் ஆண்கள்.

புழுக்கள் செடியையே தின்றுவிடும்போலிருக்கிறது. மருந்து அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். கொழுந்தில் சத்து அதிகம், துவர்ப்பு குறைவு, அதனால்தான் இந்தப் பருவத்தில் இத்தனை கூட்டம். வேரூன்றிய செடி மறுபடி தழைத்துவிடும். தொட்டியில் இருக்கும் சின்னச் செடி என்றால் பாதிப் புழுக்களை அதே வகைப் பெரிய செடிக்கு மாற்றுங்கள்.

20 நாளாகப் பச்சையாக இருந்த கூட்டுப்புழு இன்று மாலை கறுத்துவிட்டது. செத்துவிட்டதா?

டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நசநசவென்று ஒழுகி நாறினால் செத்துவிட்டது. தோல் கண்ணாடிபோலத் தெளிந்து உள்ளே இறக்கையின் கோலம் தெரிந்தால் நாளைக் காலை வெளியே வந்துவிடும். (20 நாள் பெரிய விஷயமில்லை. குளிரோ வறட்சியோ கடக்க மாதக்கணக்கில் தூங்கும் கூட்டுப்புழுக்களும் உண்டு.)

விடியும் முன்பே பக்கத்தில் உட்காருங்கள். கூடு பிளந்து பூச்சி வெளியே வரச் சில நிமிடம்தான் ஆகும். நனைந்து சுருண்ட துணிபோல நகத்தளவு இறக்கை. கூட்டையே பிடித்துத் தொங்கிக்கொண்டு வயிற்றிலிருந்து திரவத்தை நரம்புகளுக்குள் தள்ளும், நம் கண்ணெதிரே இறக்கை கீழ்நோக்கி நீளும். அப்போது முகத்தைப் பாருங்கள்: உறிஞ்சுகுழல் இரண்டு தனி இழைகளாக இருக்கும். சுருட்டிச் சுருட்டி நீட்டி இரண்டையும் ஒரே குழலாகப் பூட்டிக்கொள்ளும். பிறகு செந்நிறத்தில் ஒரு துளி சொட்டும், ரத்தம் என்று பயப்பட வேண்டாம், கூட்டுக்குள் சேர்ந்த கழிவு.

வெளியே வரத் திணறுவதுபோலத் தோன்றினாலும் கூட்டைப் பிரித்து உதவாதீர்கள். மின்விசிறியை அணைத்துவையுங்கள். தொங்க இடமில்லாமல் கீழே விழுந்தால் மட்டும் ஒரு குச்சியை நீட்டுங்கள், பிடித்து ஏறிக்கொள்ளும்.