காபூல் தூதரக வாசலில் நின்ற என் அப்பா

கேள்வி: என் கணவர் துணை ராணுவத்தில் இருக்கிறார். வெளிநாட்டில் ஓர் இந்தியத் தூதரகத்தின் பாதுகாப்புக்கு அவருக்குப் போஸ்டிங் வந்திருக்கிறது. பிள்ளைகள் சின்னவர்கள். இப்படிப் போகிறவர்களால் குடும்பத்தோடு ஒட்டுதலாக இருக்க முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

முடியும் அக்கா. எங்கள் அப்பா இருந்தார். போன தை மாதம் அவர் எங்களை விட்டுப் போனார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஐடிபிபியில், அதாவது இந்தோ திபெத்திய எல்லைக் காவல் படையில், ஹெட் கான்ஸ்டபிள். 1962 அக்டோபரில், சீனப் போர் நடந்துகொண்டிருந்தபோது தொடங்கிய படை. பனிமலை எல்லையைக் காப்பதுதான் அவர்கள் வேலை. ஆனால் 2002-இல் காபூலில் நம் தூதரகம் மறுபடி இயங்க ஆரம்பித்ததும், அதன் காவலும் இவர்களிடம் வந்தது. சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, லடாக்கில் பனியில் நின்று பழகிய மனிதர் 2007 கடைசியில் காபூலுக்குப் போனார். அப்போது நான் எட்டாம் வகுப்பு, தம்பி மூன்றாம் வகுப்பு.

தூதரகக் காவல் என்றால் என்ன என்று அப்பாதான் எனக்குப் புரியவைத்தார். 1961 வியன்னா உடன்படிக்கைப்படி, ஒரு தூதரகத்தைப் பாதுகாக்கிற பொறுப்பு அது இருக்கிற நாட்டுடையது. அதனால் வெளி வட்டத்தில் ஆப்கன் போலீஸ், உள் வட்டத்தில் நம் ஆட்கள். கேட்டில் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி, நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடியை அடியில் விட்டுப் பார்க்க வேண்டும். மோப்ப நாய் ஒரு சுற்று வரும். மேலே மோர்ச்சாவில், அதாவது மணல் மூட்டை அடுக்கிய காவல் மேடையில், ஒருவர் துப்பாக்கியோடு. குண்டு துளைக்காத ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் நிற்க வேண்டும். வெளியே நின்ற ஆப்கன் போலீஸ்காரர்கள் சூடான நான் ரொட்டியும் பச்சைத் தேநீரும் கொண்டுவந்து பகிர்ந்துகொள்வார்களாம். அவர்களைப் பற்றிச் சொல்லும்போது "நம்ம பசங்க" என்றுதான் சொல்வார்.

சரி, குடும்ப விஷயத்துக்கு வருகிறேன். காபூல் நேரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். அப்பா கிளம்புகிற அன்று, பழைய சுவர்க்கடிகாரம் ஒன்றை ஒரு மணி நேரம் குறைத்துவைத்து, கூடத்தில் மற்றதற்குப் பக்கத்தில் மாட்டினார். "இது அப்பா மணி" என்று தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தார். இரவில் அப்பா மணி ஏழரை ஆனால் போன் வரும். டியூட்டி மாறினால் வராது, அதையும் முந்தின நாளே சொல்லிவிடுவார். போனில் நீட்டி முழக்க மாட்டார். ஆனால் அன்றைக்கு எனக்கு என்ன பரீட்சை, சிலிண்டர் எப்போது பதிந்தது, அப்பத்தாவின் பிரஷர் மாத்திரை எத்தனை மிச்சம், எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைத்திருந்தார். அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் "தம்பி செருப்பு 2 நம்பர், இனி 3 வாங்கணும்" என்று இருக்கிறது. மலைகளைத் தாண்டி உட்கார்ந்துகொண்டு அதை எழுதியிருக்கிறார். பக்கத்திலேயே இருக்கிற எத்தனை அப்பாக்களுக்குப் பிள்ளையின் செருப்பு நம்பர் தெரியும், சொல்லுங்கள்.

லீவில் வருகிற யாரிடமாவது பொட்டலம் கொடுத்துவிடுவார். பிஸ்தா, உலர்ந்த அத்தி, அப்புறம் உலர்ந்த முசுக்கொட்டைப் பழம். அது என்னவென்றே எங்கள் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. அம்மா அதைப் பாயசத்தில் போட்டாள். ருசியாகத்தான் இருந்தது.

2008 ஜூலை 7, திங்கட்கிழமை. காபூலில் காலை எட்டரை வாக்கில், வெடிமருந்து நிரப்பிய கார் ஒன்று தூதரக வாசலில் வந்து மோதி வெடித்தது. அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்த பிரிகேடியர் ரவி தத் மேத்தாவும் தூதரக அதிகாரி வெங்கடேஸ்வர ராவும் அந்த இடத்திலேயே போனார்கள். ஐடிபிபி வீரர்கள் அஜய் பதானியா, ரூப் சிங் இருவரும் போனார்கள். மொத்தம் 58 பேர். பெரும்பாலும் ஆப்கானியர்கள். விசாவுக்கு வரிசையில் நின்ற ஜனங்கள், காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கள்.

எங்களுக்கு அப்போது மணி ஒன்பதரை. நான் வகுப்பில் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சித்தப்பா டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்து என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் டிவியைச் சத்தம் இல்லாமல் ஓடவிட்டிருந்தார்கள். அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் அப்பா மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் போன் வந்தது. அப்பாவுக்கு முந்தின இரவு டியூட்டி. விடிந்து ஆள் மாறியபின் உள்ளே படுத்திருந்தவர். "நான் நல்லா இருக்கேன். தம்பிகிட்ட குடு" என்றார். தம்பி பேசினான். "தாயிகிட்ட குடு." நான் பேசினேன். பிறகு அப்பத்தா, பிறகு மறுபடி அம்மா. ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு வார்த்தை. எல்லார் குரலையும் கேட்டு முடித்ததும் "சரி, வச்சிடுறேன், வேலை கிடக்கு" என்று வைத்துவிட்டார்.

படையில் சாயங்காலம் ஆள் கணக்கு எடுப்பதைக் கின்தி என்பார்கள். அப்பா அன்று எடுத்தது கின்திதான் என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் விளங்கியது. ஆபத்தில் இருந்தவர் அவர். ஆனால் எண்ணிப் பார்த்தது எங்களை.

அந்த நாளைப் பற்றி அவர் என்னிடம் பேசியது ஒரே தடவைதான். "வரிசையில வைத்தியத்துக்கு டெல்லி வரணும்னு நின்னவங்களும் இருந்தாங்க தாயி" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. 2009 அக்டோபர் 8-இல் மறுபடியும் ஒரு தாக்குதல், 17 பேர் இறந்தார்கள். முதல் தாக்குதலுக்குப் பிறகு பலப்படுத்திய சுவர் தாங்கியதால் உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள். அன்றும் அதே போன், அதே வரிசை. அந்த வருடக் கடைசியில் ஊர் வந்தார்.

கடைசி வருடங்களில் எங்கள் பக்கத்து இலுப்பைக்குடியில் இருக்கிற ஐடிபிபி பயிற்சி மையத்தில் உஸ்தாத், அதாவது பயிற்சி கொடுப்பவர். வீட்டிலிருந்தே போய்வந்தார். இரவில் கேட்டைப் பூட்டுமுன் வாசலில் இருக்கிற செருப்புகளை எண்ணுவார். ஒரு ஜோடி குறைந்தால் பூட்ட மாட்டார், தூங்கவும் மாட்டார். என் கல்யாணத்தன்று காலையிலிருந்து மண்டப வாசலிலேயே பன்னீர்ச் செம்போடு நின்றார். எவ்வளவு மரியாதையாக வரவேற்கிறார் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். மணமேடையிலிருந்து பார்த்த எனக்குத் தெரிந்தது. கை பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தது, கண் வந்து நிற்கிற ஒவ்வொரு வண்டியின் மேலும் இருந்தது. தாலி கட்டுகிற நேரத்துக்குச் சித்தப்பாவை அங்கே நிறுத்திவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

காபூல் தாலிபான் கைக்குப் போனபின், 2021 ஆகஸ்ட் 17 அன்று, தூதரகத்தில் இருந்தவர்களை ஏற்றிக்கொண்டு விமானப்படை விமானம் காபூலிலிருந்து ஜாம்நகர் வந்து இறங்கியது. அப்பா டிவி முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "எல்லாரும் வந்துட்டாங்களாமா? யாரும் விட்டுப்போகலையே?" என்று என்னிடம் நாலைந்து தடவை கேட்டார். மாயா, ரூபி, பாபி என்ற மூன்று மோப்ப நாய்களும் கூடவே வந்துவிட்டன என்று செய்தி படித்துக் காட்டினேன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்பா அழுது நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.

அக்கா, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் கணவர் கிளம்புமுன் அந்த ஊர் நேரத்துக்கு ஒரு கடிகாரத்தை அவர் கையாலேயே மாட்டச் சொல்லுங்கள், பிள்ளைகள் கண்ணில் படுகிற இடத்தில். போன் வராத நாளை முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்லுங்கள். வந்தால் நீங்கள் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடாதீர்கள், வீட்டில் இருக்கிற எல்லாரிடமும் கொடுங்கள். பிள்ளை தூங்கிவிட்டால் எழுப்பியாவது கொடுங்கள். வேறு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கீழே எழுதுங்கள். அம்மாவிடமும் கேட்டுச் சொல்கிறேன்.