ஊர்ப் பஞ்சாயத்தில் எழுதிய பத்திரம் விவாகரத்து ஆகுமா?

கேள்வி: நானும் கணவரும் செங்கல் சூளையில் ஜோடியாகக் கல் அறுத்துப் பிழைத்தோம். கோயிலில் தாலி கட்டிய கல்யாணம், இரண்டு பிள்ளைகள். எங்கள் இருவர் பெயரிலும் வாங்கிய முன்பணத்தை அவர் குடித்தே தீர்த்தார். கேட்டால் அடி. போன ஆடியில் கை உடைந்து அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். ஊர்ப் பெரியவர்கள் கூடி, 100 ரூபாய் பத்திரத்தில் ‘சம்மதித்துப் பிரிகிறோம், இனி சம்பந்தமில்லை’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கி அத்துவிட்டார்கள். இப்போது அவருக்கு வேறு பெண் பார்க்கிறார்கள். சூளைக்காரரோ முன்பணத்தைக் கழிக்க வரச் சொல்கிறார். எனக்கு ஜீவனாம்சம் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், சகோதரி. நீங்கள் இன்னமும் அவருடைய மனைவிதான். இந்து திருமணச் சட்டப்படி நீதிமன்றம்தான் விவாகரத்து தர முடியும். உங்கள் சமூகத்தில் அத்துவிடும் வழக்கம் தொன்றுதொட்டு இருப்பதாக அவர் ஆதாரத்தோடு நிரூபித்தால் மட்டுமே அந்தப் பத்திரத்துக்கு மதிப்பு. அது சுலபமில்லை. அதுவரை அவர் இன்னொரு தாலி கட்டினால் அந்தத் திருமணம் செல்லாது. குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 82-வது பிரிவில் 7 ஆண்டு வரை சிறை உண்டு. பெண் வீட்டாருக்கும் இதைச் சொல்லி அனுப்புங்கள், பாவம் அந்தப் பெண்ணும் ஏமாறக் கூடாது.

ஆனால் அந்தப் பத்திரத்தில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஜீவனாம்சத்துக்கான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 144-வது பிரிவு, இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்குத் தொகை இல்லை என்கிறது. அவர் வக்கீல் ‘சம்மதித்து’ என்ற அந்த வரியைத்தான் பிடித்துக்கொள்வார். அதனால் அடி தாங்காமல் வெளியேறியதையும், கூட்டத்தில் வைத்துக் கையெழுத்து வாங்கியதையும் மனுவில் விரிவாக எழுத வேண்டும். கை உடைந்தபோது அரசு ஆஸ்பத்திரியில் தந்த சீட்டு, எக்ஸ்ரே எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். பிள்ளைகளின் ஜீவனாம்சத்தை அந்த வரி தொடவே தொடாது.

‘நான் கூலிக்காரன், கையில் காசில்லை’ என்பார். உடலில் தெம்புள்ள கணவன் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லியிருக்கிறது. வழக்கு முடியும்வரை இடைக்காலத் தொகையும் கேளுங்கள். அவர் ஊருக்கு அலைய வேண்டாம், நீங்கள் இருக்கும் ஊருக்கான நீதிமன்றத்திலேயே மனு போடலாம்.

இதோடு 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்திலும் மனு கொடுங்கள் என்பது என் யோசனை. பாதுகாப்பு உத்தரவு, வைத்தியச் செலவு, மாதத் தொகை எல்லாம் அதில் கேட்கலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள், அவசரமென்றால் பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போடுங்கள்.

சூளைக்குப் போகாதீர்கள். முன்பணத்தைக் காட்டி ஆளைக் கட்டாயமாக வேலைக்கு இழுப்பது கொத்தடிமை முறை. 1976-ம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கடனே ரத்து. மிரட்டினால் கோட்டாட்சியரிடம் எழுதிக் கொடுங்கள்.

கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லையே என்று பயப்பட வேண்டாம். பத்திரிகை, போட்டோ, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று போதும். வக்கீல் செலவும் உங்களுக்கு இல்லை. வட்ட சட்டப் பணிகள் குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100-க்குப் போன் போட்டும் கேட்கலாம்.