பரணில் கிடக்கும் பழைய டிவி வீடியோ கேமையும், பழைய காமிக்ஸ், தொடர்கதை பைண்டிங்குகளையும் மறுபடி ஆடவும் படிக்கவும் முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் இதே கேள்விக்கு "கேசட்டை உப்புத்தாளால் தேயுங்கள், கிழிந்த பக்கத்துக்கு செல்லோடேப் ஒட்டுங்கள்" என்று பதில் வந்து, அதற்கு ஆதரவு வாக்கும் குவிந்திருப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதனால்தான் இவ்வளவு நீளம். பரணில் சும்மா கிடந்த காலமெல்லாம் பிழைத்த பொருள், கீழே இறக்கிச் 'சரிசெய்த' அரை மணி நேரத்தில் செத்துப்போவதுதான் வழக்கம்.

உங்களிடம் இருப்பது 90களில் சமுராய், லிட்டில் மாஸ்டர் என்ற பெயர்களில் விற்ற வகைப் பெட்டி என்று எடுத்துக்கொள்கிறேன்: மேலே கேசட் செருகும் வாய், இரண்டு ஜாய்ஸ்டிக், கூடவே ஒரு துப்பாக்கி. இவையெல்லாம் நின்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள். கேசட்டில் 60 முனைகள் இருக்கும். வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்த அமெரிக்க கேசட் என்றால் 72 முனை, அது இதில் நுழையாது. புத்தகம் என்றால் முத்து, லயன், ராணி காமிக்ஸ் இதழ்களும், வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்த தொடர்கதைகளும் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் விஷயம்: பழைய அடாப்டரைச் செருகவே செருகாதீர்கள். அது டிரான்ஸ்ஃபார்மர் வகை. மேலே 9 வோல்ட் என்று போட்டிருந்தாலும் பெட்டியில் இணைக்காமல் சும்மா அளந்தால் 12, 14 கூடக் காட்டும். அது கோளாறு இல்லை, அந்த வகையின் குணம். ஒயரின் மேலுறை வெடித்திருப்பதும் உள்ளே கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் உருளை) காய்ந்திருப்பதும்தான் பிரச்சினை. 9 வோல்ட், 1 ஆம்பியர் டிசி அடாப்டர் புதிதாக ஒன்று வாங்குங்கள். வாங்கும் முன் பிளக்கின் நடுமுனை பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று பழைய அடாப்டரின் மேலே போட்டிருக்கும் படத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள்; முடிந்தால் புதியதை மல்டிமீட்டரில் அளந்தும் பாருங்கள். ஃபேமிகாமில் நடுமுனை மைனஸ். நகல்களில் அவரவர் இஷ்டம். மாற்றிக் கொடுத்தால், தலைகீழ் மின்சாரத்தைத் தடுக்கும் காப்பு டையோடு வைக்காத பெட்டியில் உள்ளே இருப்பது புகைந்துவிடும்.

பெட்டியைத் திறந்தால் மூன்று கால் உள்ள 7805 என்ற ரெகுலேட்டர் தெரியும், உள்ளே வரும் வோல்ட்டை 5 ஆகக் குறைப்பது அதுதான். எழுத்து உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி வைத்தால் இடது கால் உள்ளே வரும் மின்சாரம், நடுக்கால் கிரவுண்டு, வலது கால் 5 வோல்ட். கேசட் இல்லாமல் ஆன் செய்து வலது காலில் அளந்து பாருங்கள்; 4.8க்கும் 5.2க்கும் நடுவே இருந்தால் சரி. அதைத் தாண்டினால் உடனே அணைத்துவிட்டு 7805ஐ மாற்றுங்கள், சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். "12 வோல்ட் அடாப்டர்தான் வீட்டில் இருக்கிறது" என்பவர்களுக்கு: ஓடும், ஆனால் மிஞ்சுகிற வோல்ட் முழுவதையும் 7805 சூடாகத்தான் கழிக்கும். 9இல் மிஞ்சுவது 4, 12இல் மிஞ்சுவது 7. நகல் பெட்டிகளில் அந்தச் சூட்டை வாங்கும் அலுமினியத் தகடு பெயருக்குத்தான் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது.

படத்தில் கிடைமட்டப் பட்டைகள் மெதுவாக மேலேறினால் கெப்பாசிட்டர் போய்விட்டது என்று அர்த்தம். தலை உப்பியதை எடுத்துவிட்டு அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது கூடுதல் வோல்ட் உள்ளதைப் போடலாம். பக்கவாட்டில் வெள்ளைக் கோடு உள்ள கால் மைனஸ்.

விளக்கு எரிகிறது, திரை முழுக்க ஒரே நிறம் அல்லது குப்பைக் கட்டங்கள் என்றால் பத்துக்கு ஒன்பது முறை கேசட் தொடர்புதான். இங்கேதான் எல்லோரும் ஊதுவார்கள். ஊதியதும் வேலை செய்வது உண்மை. ஆனால் வேலை செய்தது உங்கள் மூச்சு இல்லை. கழற்றி மறுபடி செருகியபோது முனை வேறு இடத்தில் உரசியது, அவ்வளவுதான். மூச்சில் போன ஈரம் உள்ளேயே தங்கி முனையைப் பச்சையாக அரிக்கும்.

வேண்டியது 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் காது குடையும் பஞ்சுக்குச்சியும். சானிடைசர் கூடாது, அதில் கிளிசரின் கலந்திருக்கும்; காய்ந்தபின் பிசுபிசுவென்று தூசியைப் பிடிக்கும். குச்சியை நனைத்து, உதறி, முனைகளின் நீளவாக்கில் மட்டும் இழுங்கள். குறுக்கே இழுத்தால் பஞ்சு நூல் சிக்கும், ஓரத்தில் தூக்கிக்கொண்டிருக்கும் முனை பிய்ந்து வரும். குச்சி கறுப்பாக வருவது நின்றால் போதும். இரண்டு பக்கமும் துடைத்து, பத்து நிமிடம் காயவிட்டுச் செருகுங்கள். கறை போகாவிட்டால் வெள்ளைப் பென்சில் ரப்பரால் மெதுவாக இரண்டு இழுப்பு, பிறகு மறுபடி ஆல்கஹால். மை அழிக்கும் சொரசொர ரப்பரும் உப்புத்தாளும் வேண்டவே வேண்டாம். முனையின் மேல் இருக்கும் முலாம் மிக மிக மெல்லியது. தேய்த்தால் பளபளவென்று தெரிவது செம்பு. அன்றைக்கு நன்றாக ஆடும், மழைக்காலம் முடிவதற்குள் கறுத்துவிடும். திரும்ப முலாம் பூச வீட்டில் வழியே இல்லை.

பெட்டியின் வாய்க்கு, மெல்லிய பருத்தித் துணியை ஒரு விசிட்டிங் கார்டில் சுற்றி ஆல்கஹாலில் லேசாக நனைத்து உள்ளே விட்டு எடுங்கள். துணியும் அட்டையும் சேர்ந்து கேசட்டின் சர்க்யூட் பலகையின் தடிமனைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உள்ளே இருக்கும் வளைந்த தகடுகள் அகன்றுபோய், பிறகு எந்த கேசட்டும் சரியாகப் பிடிக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கேசட் மட்டும் ஓடவில்லையா? திறந்து பாருங்கள். நகல் கேசட்டுகள் பெரும்பாலானவற்றில் சிப்புக்குப் பதில் ஒரு கறுப்புப் பசைப் பொட்டு இருக்கும். சிப் அதற்குள் நேராகப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. அது போய்விட்டால் போனதுதான், யாரிடமும் கொடுத்துப் பணத்தை விடாதீர்கள். "9999 இன் 1" கேசட் போய்விட்டதே என்று அழவும் வேண்டாம். ஒரு கைப்பிடி ஆட்டங்களையே கட்டம் மாற்றி, உயிர் எண்ணிக்கை மாற்றி, பெயர் மாற்றி அடுக்கிய பட்டியல் அது. அந்த எண்ணைப் பார்த்து ஒரு தலைமுறையே ஏமாந்தது.

ஜாய்ஸ்டிக்கில் ஒயர் உடைவது கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில்தான். உள்ளே ஐந்து கம்பிகள்: 5 வோல்ட், கிரவுண்டு, மற்ற மூன்றும் பட்டன் செய்தி போகிறவை. உடைந்த இடத்திலிருந்து 4 செ.மீ. தள்ளி வெட்டிப் புதிதாக ஈயம் பற்ற வைக்கலாம். கம்பி நிறத்தை நம்பாமல், வெட்டும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பட்டன் மந்தமாக இருந்தால் ரப்பரையும் பலகையின் கறுப்புக் கார்பன் தடத்தையும் ஒரே ஒரு முறை லேசாகத் துடைத்தால் போதும். அழுத்தினால் கார்பனே கழன்று வரும்.

"எமுலேட்டர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?" என்று யாராவது கீழே வந்து கேட்பார்கள். பழைய ஆட்டங்களைக் கணினியிலோ போனிலோ ஓட்டும் மென்பொருள் அது. எமுலேட்டர் நல்ல பொருள்தான், நான் மறுக்கவில்லை. கேட்டவர் கேட்டது பரணில் இருக்கும் பெட்டியைப் பற்றி. இன்னொன்று, நம் ஊர்ப் பெட்டிகள் நம் டிவிக்களின் பால் (PAL) ஒளிபரப்பு முறைக்காக 50 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 50 படம் என்ற வேகத்தில், ஓடியவை. 60 ஹெர்ட்ஸில் ஓடவேண்டிய ஆட்டம் அதில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகப் போகும், பாட்டும் இழுக்கும். நீங்கள் பழகியது அந்த வேகத்துக்கு என்றால், எமுலேட்டரின் வழக்கமான அமைப்பு ஏன் அவசரமாகத் தெரிகிறது என்பதற்குக் காரணம் அதுதான். அதில் பகுதி (region) அமைப்பை பால் முறைக்கு மாற்றிப் பாருங்கள்.

புத்தகத்துக்கு வருகிறேன். நூலகப் பாதுகாப்பு படித்தவர்கள் சில இடங்களில் என்னைத் திட்டலாம். வீட்டில் செய்ய முடிந்ததைத்தான் சொல்கிறேன்.

இறக்கியவுடன் பிரித்துப் புரட்டாதீர்கள். இவை அச்சான நியூஸ்பிரிண்ட் என்ற மலிவுத் தாளில் மரக்கூழின் லிக்னின் அப்படியே இருக்கிறது. அது காற்றிலும் வெளிச்சத்திலும் பழுத்து அமிலமாகித் தாளை அப்பளமாக்கிவிடும். ராமபாணப் பூச்சியோ புழுவோ ஓட்டை போட்டிருந்தால், மற்ற புத்தகங்களோடு வைக்கும் முன் ஜிப் கவரில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்கக் கவரைத் திறக்கக் கூடாது. திறந்தால் அறையின் ஈரம் குளிர்ந்த தாளில் வேர்த்து நிற்கும். ஃப்ரீசருக்குப் போகும் முன் புத்தகம் காய்ந்திருக்க வேண்டும்.

அடுத்தது துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின். காமிக்ஸ் நடுப்பக்கத்தைத் திறந்து, மடங்கிய இரண்டு காலையும் மெல்லிய கத்தியின் மொட்டை முனையால் மேலே நிமிர்த்துங்கள். கத்திக்கும் தாளுக்கும் நடுவே ஒரு துண்டு பிளாஸ்டிக் இருக்கட்டும். பிறகு புத்தகத்தைக் கவிழ்த்து முதுகுப் பக்கமிருந்து பின்னை நேராக வெளியே எடுங்கள். நிமிர்த்தாமல் பிடுங்கினால் துரு தாளோடு ஒட்டியிருப்பதால் நடுத்தாள் இரண்டு துண்டாக வரும். பழைய ஓட்டைகளிலேயே வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து உள்பக்கம் முடிச்சுப் போட்டால் போதும்.

கிழிசலுக்கு செல்லோடேப் ஏன் ஆகாது? சில வருடங்களில் பிளாஸ்டிக் தானாக உதிர்ந்துவிடும். பசை மட்டும் தாளுக்குள் இறங்கி, பழுப்பாகி, பின்பக்கப் படத்திலும் தெரியும். அந்தக் கறை போகவே போகாது. அதற்குப் பதில் ஜப்பானிய டிஷ்யூ தாள் என்ற மெல்லிய நார்த்தாள் போதும், ஓவியப் பொருள் கடைகளில் தேடினால் கிடைக்கும். விரலகலத்தில் பாதிக்குக் குறைவான நாடாவாக, வெட்டாமல் கிழித்தெடுங்கள். ஓரத்து நார்தான் பிடிப்பு. பசைக்குக் கோதுமை ஸ்டார்ச். அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுப்பது போல, மைதா மாவைப் பிசைந்து தண்ணீரில் அலசினால் ரப்பர் மாதிரி ஒன்று கையில் நிற்கும், அதைத் தூக்கிப் போடுங்கள். அடியில் படிந்த வெள்ளை ஒரு பங்குக்குத் தண்ணீர் ஐந்து பங்கு சேர்த்து, சிறு தீயில் கண்ணாடிபோல் ஆகும்வரை இருபது நிமிடமாவது கிளறி, ஆறவிட்டு வடிகட்டுங்கள். அதை நாடாவில் கெட்டியாகவே தடவிக் கிழிசல்மேல் ஒட்ட வேண்டும். தண்ணீர் கூடினால் நியூஸ்பிரிண்டில் ஈரம் பரவிய எல்லையில் பழுப்புக் கோடு விழும். மேலும் கீழும் பட்டர் பேப்பர், அதன்மேல் கனம், ஒரு ராத்திரி. மீதிப் பசையை ஃப்ரிட்ஜில் வைத்தாலும் சில நாளில் புளித்துவிடும்.

தொடர்கதை பைண்டிங் பிரிந்திருந்தால் பைண்டரிடம் கொடுக்கும்போது "ஓரம் வெட்டவே கூடாது" என்று சீட்டில் எழுதியே கொடுங்கள். மறுபைண்டிங்கில் மூன்று பக்கமும் சீவுவது அவர்களுக்குக் கை பழகிய வேலை. ஏற்கெனவே ஒருமுறை சீவியதை மறுபடி சீவினால் ஓவியத்தின் தலையும் ஓவியர் கையெழுத்தும் போய்விடும்.

சொல்லக் கூடாது, ஆனாலும்: பழைய காமிக்ஸ் இணையத்தில் விற்கிற சிலர் இப்படிச் சீவி, லேமினேட் செய்து, வாடகை நூலக முத்திரையோடு "மின்ட் கண்டிஷன்" (புத்தம் புதிய நிலை) என்று போட்டு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். லேமினேட் செய்த அட்டை மீட்க முடியாதது. வாங்குகிறவர்களாவது விளிம்பிலிருந்து படம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று போட்டோ கேளுங்கள்.

இனி வைக்கும் இடம். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் பரண் வேண்டாம். பாலிப்ரொப்பிலீன் கவர் போடலாம், மெத்தென்று நாறும் பிவிசி கவர் அச்சோடு ஒட்டிக்கொள்ளும். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை வரும், கடலோர ஊர்களில் அது சாதாரணம். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் காயவைத்துப் போடுங்கள். வேப்பிலை வைப்பதென்றால் நிழலில் சருகாகக் காய்ந்தது மட்டும். பச்சை இலை ஈரத்தையும் கறையையும்தான் தரும். அந்துருண்டையை கேசட் இருக்கும் பெட்டியில் போடாதீர்கள், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும்.

கடைசியாகத் துப்பாக்கி. வாத்து சுடும் ஆட்டத்தில், புது டிவியில் வாத்து விழாததற்கு உங்கள் துப்பாக்கி காரணமில்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். துப்பாக்கி முனையில் இருக்கும் ஒளி உணரி அந்த வெளிச்சத்தைத் தேடும். பின்பக்கம் துருத்திய பழைய குண்டு டிவி (CRT) கோடு கோடாகப் படத்தை வரையும் துடிப்புக்கும், அது வரையும் அந்தக் கணத்துக்கும் ஏற்ப அமைத்தது அந்த உணரி. எல்சிடி படத்தைத் தாமதமாகக் காட்டுகிறது, அந்தத் துடிப்பும் அதில் இல்லை. டிவியில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடு போட்டாலும் வாத்து விழாது, ஜாய்ஸ்டிக் ஆட்டங்களுக்கு மட்டும் அது உதவும். பழைய குண்டு டிவி இனாமாகக் கிடைத்தால் வாங்கி வையுங்கள். படம் வரவில்லை என்று அதன் பின்மூடியை மட்டும் நீங்களாகக் கழற்றாதீர்கள், பிளக்கைப் பிடுங்கியபின்னும் உள்ளே உயிரை எடுக்கும் வோல்ட் நிற்கும்.