வியன்னா விசாவிலேயே க்ரும்லோவ் போகலாம், ஏஜென்டுக்கு இரண்டாவது ஃபீஸ் எதற்கு?

கேள்வி: நானும் மனைவியும் அறுபதைத் தாண்டியவர்கள். ஜூன் மாதம் வியன்னாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம், 16 நாள். அதில் இரண்டு இரவு செக் நாட்டில் உள்ள செஸ்கி க்ரும்லோவ் என்ற ஆற்றங்கரை ஊரில் தங்க ஆசை. "அங்கே யூரோ கிடையாது, அதனால் தனி விசா எடுக்க வேண்டும்" என்று சொல்லி ஏஜென்ட் ஆளுக்கு 22,000 ரூபாய் கேட்கிறார். நடுவில் நான்கு நாள் லண்டனில் தம்பி வீட்டுக்கும் போய்வர எண்ணம். என்ன செய்யலாம்? - ஒரு வாசகர், திருச்சி

பதில்: தனி விசா வேண்டாம். பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை. செக் நாட்டில் யூரோ இல்லை, கொருனாதான் புழங்குகிறது. ஆனால் எந்த நோட்டு செல்லும் என்பதற்கும் விசாவுக்கும் சம்பந்தமே கிடையாது. ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்கு ஷெங்கன் என்று பெயர். செக் நாடு 2007 டிசம்பரிலேயே அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டது. ஆஸ்திரியா தரும் ஷெங்கன் விசாவில் நீங்கள் தாராளமாக க்ரும்லோவ் போகலாம், திரும்பி வரலாம், கூடுதலாக ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. இவ்வளவு வருஷம் கழித்தும் இந்தக் கதையைச் சொல்லிக் காசு பார்க்க முடிகிறதே என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு அது ஆஸ்திரியா. இதற்கு அடுத்த வலையும் தயாராக இருக்கும்: "ஆஸ்திரியா கஷ்டம் சார், வேறு நாட்டில் போட்டால் சுலபமாகக் கிடைக்கும்" என்பார். அதற்காகப் போகாத ஊருக்கு ஹோட்டல் புக்கிங்கும் போலி டிக்கெட்டும் தயார் செய்வார். மாட்டினால் நிராகரிப்பு உங்கள் பெயரில்தான் விழும், அவர் பெயரில் அல்ல. அந்தப் பதிவு எல்லா ஷெங்கன் தூதரகங்களின் கணினியிலும் தெரியும், ஐந்து வருஷம் வரை இருக்கும். கட்டிய விசா ஃபீஸ் 90 யூரோவும் திரும்பி வராது.

இப்போது லண்டன். இந்த இடத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். உங்கள் திட்டத்தில் உண்மையான சிக்கல் க்ரும்லோவ் இல்லை, இதுதான். பிரிட்டன் ஷெங்கனில் கிடையாது. விசா ஸ்டிக்கரில் எத்தனை முறை நுழையலாம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 1 என்று போட்டிருந்தால், வியன்னாவிலிருந்து லண்டனுக்கு விமானம் ஏறிய கணமே அந்த ஒன்று தீர்ந்துவிட்டது. விசாவில் இன்னும் பத்து நாள் பாக்கி இருந்தாலும் மகள் வீட்டுக்குத் திரும்ப முடியாது. க்ரும்லோவ் போய்வருவது இந்தக் கணக்கில் வராது, அது வட்டத்துக்கு உள்ளேயே நடக்கிற பயணம். துபாயிலோ தோஹாவிலோ விமானம் மாறுவதும் வராது. நடுவில் லண்டன் போவது மட்டும்தான் வரும். பலமுறை நுழையும் விசா கேட்டு விண்ணப்பிக்கலாம், ஆனால் கேட்டபடியே கொடுப்பார்கள் என்று நம்பி டிக்கெட் போடாதீர்கள். அதைவிட லண்டனைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள்: முதலில் வியன்னா, அங்கிருந்து க்ரும்லோவ், திரும்பி வியன்னா, அப்புறம் லண்டன், அங்கிருந்தே சென்னை. ஒருமுறை நுழைவு விசாவே போதும். பிரிட்டனுக்குத் தனி விசா கட்டாயம் வேண்டும். இதில் உங்கள் ஏஜென்ட் வாயே திறக்கவில்லை, பாருங்கள்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். சட்டப்படி 15 நாளில் முடிவு வர வேண்டும், 45 நாள் வரை இழுக்கவும் அவர்களுக்கு அனுமதி உண்டு. ஆனால் கோடை நெருங்கினால் விண்ணப்பம் கொடுப்பதற்கே தேதி கிடைக்காது. ஃபீஸ் வாங்குகிறவர்கள் கூடுதலாக நான்கு கவுன்ட்டர் திறந்தால் என்ன குறைந்துவிடும்? அந்தத் தட்டுப்பாட்டை வைத்துத்தான் தேதியைப் பிடித்துத் தருவதாக ஒரு கூட்டம் பிழைக்கிறது. விண்ணப்பம் வாங்கும் மையத்துக்குப் போனதும் எஸ்எம்எஸ், கூரியர், சொகுசு அறை என்று நீட்டுவார்கள். எதுவும் கட்டாயமில்லை, விசா முடிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. விண்ணப்பத்தில் மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்கட்டும். ஏஜென்ட் தன்னுடையதை எழுதிவிட்டால், தூதரகம் கேட்கும் கேள்வி அவருக்குப் போகும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஆஸ்திரியாவுக்கு மட்டும் அல்லாமல் ஷெங்கன் முழுமைக்கும் எடுங்கள்.

க்ரும்லோவில் இரண்டு இரவு தங்குவது நல்ல முடிவு. வல்தவா ஆறு வளைந்து வளைந்து சுற்றிப்போகும் சின்ன ஊர், 1992 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. பகலில் சுற்றுலா பஸ்கள் இறக்கிவிடும் கூட்டத்தில் சந்துகளில் நகர முடியாது. மாலையில் அவர்கள் போய்விடுவார்கள். ரயில் நிலையம் ஊருக்கு வெளியே மேட்டில் இருக்கிறது, தெருக்கள் எல்லாம் கல் பாவியவை. சக்கரப் பெட்டியை வியன்னாவிலேயே விட்டுவிட்டுத் தோள்பையோடு பஸ்ஸில் போங்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், வழியில் சோதனை போட்டாலும் போடுவார்கள்.

மாப்பிள்ளை காரில் கூட்டிப்போவதானால், செக் நெடுஞ்சாலைக்கான கட்டணச் சீட்டு 2021 முதல் இணையத்தில்தான். அரசுத் தளத்தில் மட்டும் வாங்கச் சொல்லுங்கள். அதே மாதிரித் தோற்றத்தில் கமிஷன் வைத்து விற்கும் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும்.

யூரோவைக் கடையில் நீட்டினால் வாங்கிக்கொள்வார்கள், அவர்கள் வைத்ததுதான் விலை. கார்டில் கட்டும்போது "ரூபாயிலா, கொருனாவிலா" என்று இயந்திரம் கேட்டால் கொருனாவைத் தொடுங்கள். "கமிஷன் பூஜ்யம்" என்று பலகை வைத்த மாற்றுக்கடையில் ஏமாந்துவிட்டால் ரசீதோடு மூன்று மணி நேரத்துக்குள் திரும்பிப் போங்கள். 1,000 யூரோ வரையிலான மாற்றத்தை ரத்து செய்யும் உரிமை அங்கே 2019 ஏப்ரல் முதல் சட்டத்தில் இருக்கிறது.

கோட்டை முற்றங்களைச் சுற்றிப்பார்க்கக் காசு இல்லை. கோபுரத்துக்கு 162 படி, முட்டி ஒத்துழைத்தால் ஏறுங்கள். நான் பார்க்கச் சொல்வது 1766-இல் அமைத்த நாடக அரங்கை. காட்சித் திரைகளும் அவற்றை மாற்றும் மர இயந்திரங்களும் அப்படியே இருக்கின்றன. அதற்குத் தனி டிக்கெட். கோட்டைக்குள் அழைத்துப்போய்க் காட்டும் சுற்றுகள் திங்கட்கிழமை பொதுவாகக் கிடையாது, அதனால் ஹோட்டல் போடும் முன் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.