கட்சி இணையதளம் எதற்கு? சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சார், கட்சி இணையதளத்தை யார் போய்ப் படிக்கிறார்கள்? வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்கு இந்தச் செலவு?

பதில்: படிப்பவர் குறைவுதான். வருகிறவரின் செல்பேசி எண்ணோ மின்னஞ்சலோ கிடைத்தால் கட்சிக்கு அதுவே லாபம். 2007 டிசம்பரில் ஒபாமாவின் பிரச்சாரக் குழு முகப்புப் பக்கத்தை 24 விதமாக மாற்றி மாற்றிக் காட்டிப் பார்த்தது: நான்கு வகைப் பொத்தான், ஆறு வகைப் படமும் வீடியோவும். வீடியோதான் எடுபடும் என்று குழுவினர் நம்பினார்கள். எடுபட்டதோ குடும்பப் படமும் 'மேலும் அறிய' என்ற பொத்தானும்! வந்தவர்களில் மின்னஞ்சல் கொடுத்தவர்கள் 8.26 சதவீதத்திலிருந்து 11.6 சதவீதமானார்கள். கொடுத்தவரிடம்தானே அப்புறம் நன்கொடை கேட்க முடியும், வீடு வீடாகப் போக ஆள் கூப்பிட முடியும்? நம்மூர் 'உறுப்பினராகச் சேருங்கள்' படிவத்துக்கும் இதே வேலைதான்.

கேள்வி: அப்படியானால் ஒபாமாதான் முன்னோடியா அண்ணா?

பதில்: இல்லை தம்பி. 1996 அமெரிக்க அதிபர் தேர்தல் விவாத மேடையிலேயே குடியரசுக் கட்சி வேட்பாளர் பாப் டோல் தன் தள முகவரியைச் சொன்னார். சொன்ன வேகத்தில் முகவரியில் வரும் ஒரு புள்ளியை விழுங்கிவிட்டார், பாவம்.

கேள்வி: சட்டமன்ற வேட்பாளர் ஒருவருக்குத் தளம் செய்து கொடுக்கிறேன். அனுமதி வாங்க வேண்டுமா?

பதில்: அவருடைய சொந்தத் தளத்தில் போடும் பேச்சு, படங்களுக்கு முன்சான்று, அதாவது வெளியிடும் முன் தேர்தல் அதிகாரிகளிடம் வாங்கும் ஒப்புதல், தேவையில்லை. காசு கொடுத்து வேறு தளங்களில் விளம்பரம் செய்தால் தேவை. இணைய விளம்பரத்துக்கு முன்சான்று வேண்டும் என்று 2013 அக்டோபரிலேயே தேர்தல் ஆணையம் சொல்லிவிட்டது. உங்கள் கூலியும் வேட்பாளரின் செலவுக் கணக்கில் ஏறும். ஒழுங்காக பில் கொடுத்துவிடுங்கள். 2022 முதல் தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளருக்கு உச்சவரம்பு 40 லட்சம். கட்சி செய்யும் செலவுக்கு வரம்பே கிடையாது, அது தனிக் கூத்து.

கேள்வி: சில கட்சிகளின் முகப்பில் 'குற்றப் பின்னணி உள்ள வேட்பாளர்கள்' என்று இருக்கிறதே, யாராவது தளத்தை ஹேக் செய்துவிட்டார்களா?

பதில்: சிரித்துவிட்டேன். அது உச்ச நீதிமன்ற உத்தரவு. வேட்பாளர் மீதுள்ள வழக்குகளையும், வழக்கில்லாத ஒருவரை விட்டு ஏன் இவரை நிறுத்தினோம் என்பதையும் தளத்தில் போட வேண்டும் என்றது 2020 தீர்ப்பு. 'ஜெயிப்பார்' என்பது மட்டும் காரணமாகாது. பீகார் தேர்தலில் இதைச் சரியாகச் செய்யாத எட்டுக் கட்சிகளுக்கு 2021 ஆகஸ்டில் அபராதம் விழுந்தது. முகப்பிலேயே இந்தத் தலைப்பு தெரிய வேண்டும் என்பதும் அப்போது வந்ததுதான். அடுத்த தேர்தலில் உங்கள் தொகுதி வேட்பாளருக்கு என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.