விர்ச்சுவல் மெஷினுக்குள் கருவி தெரியவில்லையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: உபுண்டு லினக்ஸில், கணினிக்குள் இன்னொரு கணினியை (விர்ச்சுவல் மெஷின்) ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டிருக்கிறேன். பென்டிரைவ் உபுண்டுவில் திறக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸின் யுஎஸ்பி பட்டியல் மட்டும் காலி.

பதில்: உங்கள் பயனர் கணக்கு, யுஎஸ்பி அனுமதி தரும் வீபாக்ஸ்யூசர்ஸ் (vboxusers) குழுவில் இல்லை. சேர்த்துவிட்டு லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். அதுவரை அந்த அனுமதி செல்லாது. ஹோஸ்டில், அதாவது உண்மையான கணினியில், வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்தீர்களே, அதுதான் முறை.

கேள்வி: பழைய ஸ்கேனருக்காக விண்டோஸ் 7 கெஸ்ட் (விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடும் சிஸ்டம்) வைத்திருக்கிறேன். விர்ச்சுவல்பாக்ஸ் அமைப்பில் யுஎஸ்பி 3.0 தேர்ந்தெடுத்தேன், எதுவும் தெரியவில்லை.

பதில்: விண்டோஸ் 7-உடன் யுஎஸ்பி 3.0 டிரைவர் வருவதில்லை. 2.0-க்கு மாற்றுங்கள், ஸ்கேனருக்கு அது தாராளம். மாற்றும் முன் மெஷினை முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள். நிலையைச் சேமித்து நிறுத்தும் சேவ் ஸ்டேட் போதாது.

கேள்வி: யுஎஸ்பி வரவில்லை. அவசரம்.

பதில்: ஹோஸ்ட் எது, கெஸ்ட் எது, என்ன கருவி, என்ன பிழைச்செய்தி? இவை இல்லாமல் அவசரத்துக்கு யாராலும் உதவ முடியாது.

கேள்வி: கெஸ்டிலிருந்து ஆர்டுயினோ லியனார்டோ என்ற சிறு எலக்ட்ரானிக்ஸ் போர்டுக்கு புரோகிராம் ஏற்றினால் பாதியில் போர்ட் காணாமல் போகிறது. கருவியைத் தானாகக் கெஸ்டுக்குத் தரும் யுஎஸ்பி ஃபில்டர் போட்டிருக்கிறேன். கேபிளும் மாற்றிவிட்டேன்.

பதில்: கேபிள்மேல் தப்பில்லை. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. புரோகிராம் ஏற்றத் தொடங்கியதும் போர்டு தன்னைத் துண்டித்துக்கொண்டு பூட்லோடராக (புதிய புரோகிராமை வாங்கிக்கொள்ளும் சிறு நிரல்) திரும்பி வரும். ஓடும்போது அதன் அடையாள எண் 2341:8036; பூட்லோடரில் 2341:0036. விர்ச்சுவல்பாக்ஸுக்கு அது வேறொரு கருவி. உங்கள் ஃபில்டர் முதல் எண்ணை மட்டும் பிடிக்கிறது, இரண்டாவது ஹோஸ்டிடம் போய்விடுகிறது. பூட்லோடர் காத்திருப்பதோ சுமார் 8 விநாடி. நீங்கள் மெனுவைத் திறந்து தேடுவதற்குள் முடிந்துவிடும். ஃபில்டரில் வெண்டார் ஐடியாக (தயாரிப்பாளர் எண்) 2341 மட்டும் வைத்து, தானாக நிரம்பிய மற்ற கட்டங்களை அழித்துவிடுங்கள். இரண்டும் சிக்கும்.

உங்கள் போர்டில் தவறினால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். செல்போனுக்கு ஃபர்ம்வேர் (அதன் அடிப்படை மென்பொருள்) ஏற்றும்போதும் இதேபோல் எண் மாறும். அங்கே பாதியில் அறுந்தால் போன் எழாமலே போகலாம். ஃபர்ம்வேர் வேலையை விர்ச்சுவல் மெஷினிலிருந்து செய்யாதீர்கள், தயவுசெய்து. ஹோஸ்டிலேயே செய்யுங்கள்.

கேள்வி: புதிய மெஷின் உருவாக்கும்போது 32-பிட் மட்டுமே காட்டுகிறது.

பதில்: பெரும்பாலும் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்பு) விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கும். இயக்குங்கள்.

கேள்வி: லேப்டாப்பில் இருக்கும் ஒரே கிராஃபிக்ஸ் சிப்பை கேவிஎம் (லினக்ஸின் விர்ச்சுவல் மெஷின் வசதி) கெஸ்டுக்குக் கொடுக்கலாமா?

பதில்: கொடுத்தால் ஹோஸ்டுக்குத் திரை இருக்காது. அதோடு, ஒரே ஐஓஎம்எம்யூ குழுவில் (பிரிக்காமல் சேர்த்தே கொடுக்க வேண்டிய கருவிகளின் தொகுப்பு) இருக்கும் மற்ற கருவிகளையும் ஹோஸ்ட் விட்டுவிட வேண்டும். இரண்டாவது கார்டு இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

கேள்வி: கேவிஎம்மில் விண்டோஸ் நிறுவும்போது டிஸ்க்கே இல்லை என்கிறது.

பதில்: டிஸ்க்கை விர்ட்ஐஓவாக (விர்ச்சுவல் மெஷினுக்கென்றே உள்ள டிஸ்க் வகை) கொடுத்திருப்பீர்கள், விண்டோஸ் நிறுவியில் அதற்கு டிரைவர் இல்லை. மெஷினை நிறுத்திவிட்டு, அதாவது முழுதாக ஷட்டவுன் செய்துவிட்டு, விர்ட்ஐஓ-வின் ஐஎஸ்ஓவை இரண்டாவது சிடியாக இணையுங்கள். நிறுவும் திரையில் லோட் டிரைவர் கொடுத்து, உங்கள் விண்டோஸ் பதிப்புக்கான ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் வந்துவிடும்.