மூத்தார் ஜாமீன் போடுவாரா?

கேள்வி: அக்கா, எனக்குத் திருநெல்வேலிப் பக்கம் முக்கூடல். பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மகள் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து நல்ல மார்க் எடுத்திருக்கிறாள். சென்னைப் பக்கம் பெரிய பேர் எடுத்த ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் இடம் கிடைத்திருக்கிறது. வருஷத்துக்கு 4 லட்சம், விடுதி தனி. 25,000 ரூபாய் கட்டி இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறோம். இதற்கிடையில் கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரி, நான்கு வருஷமும் படிப்புக் கட்டணம் வேண்டாம், விடுதிக்கு மட்டும் கட்டுங்கள் என்கிறது. மூத்தார், அதாவது வீட்டுக்காரரின் அண்ணன், "பேரு பெத்த எடம், விட்றாதீய, கடன வாங்கியாவது சேத்துருங்க"ன்னு நிக்குதாரு. மகளுக்கும் சென்னைதான் ஆசை. நான் கோயம்புத்தூர் என்று வாயெடுத்ததில் இருந்து இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, நான் வங்கியில் கல்விக்கடன் மேசையில் பல வருஷம் உட்கார்ந்தவள். ஜூன், ஜூலை வந்தால் மஞ்சப்பையில் வீட்டுப் பத்திரத்தை வைத்துக்கொண்டு எதிரே வந்து நிற்கிற அப்பா அம்மாக்களின் முகம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அதனால் முதலில் கணக்கு. ஆசையை அப்புறம் பேசுவோம்.

விடுதியை விட்டுவிடுங்கள், கட்டணம் மட்டும் 16 லட்சம். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கிற நான்கு வருஷமும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி சும்மா இருக்காது. வருஷத்துக்கு 4 லட்சமாக வாங்கினாலும், கட்டத் தொடங்கும்போது கடன் 21 லட்சத்து 60 ஆயிரமாகி நிற்கும். பத்து வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 28,500 ரூபாய். பதினைந்து வருஷமாக இழுத்தாலும் 23,000க்குக் குறையாது. ஆயிரம் பீடிக்கு என்ன கூலி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மகள்தானே கட்டப்போகிறாள் என்றால், முதல் சம்பளமே அந்த அளவில்தான் தொடங்குகிற இன்ஜினீயர் பிள்ளைகள் நம்மூரில் எத்தனை பேர்!

7.5 லட்சத்துக்கு மேல் கடன் போனால் பொதுவாக வங்கி சொத்து ஈடு கேட்கும். ஜாமீன் கையெழுத்தும் கேட்கலாம். மூத்தாரிடம் மரியாதையாக, "அத்தான், நீங்களே ஜாமீன் கையெழுத்துப் போட்டுத் தாங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். பேரு பெத்த எடத்தைப் பற்றி அதற்குப் பிறகும் பேசுகிறாரா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

மத்திய அரசின் பிரதமர் வித்யாலட்சுமி கல்விக்கடன் திட்டப் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம் இருந்தால் ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்க வழி உண்டு, வட்டியிலும் சலுகை உண்டு. ஆனால் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு அது கிடையாது. கிடைத்தாலும் அசலை யாரும் தள்ளுபடி செய்யப்போவதில்லை.

அந்தப் பேரைப் பற்றி ஒன்று. கிண்டி மாதிரி அரசுக் கல்லூரியாக, குறைந்த கட்டணத்தில் இடம் வந்திருந்தால் "கண்ணை மூடிக்கொண்டு அனுப்புங்கள்" என்றிருப்பேன். இது விலை கொடுத்து வாங்குகிற பேர். நம்ம திருநெல்வேலி வண்ணார்பேட்டை பாலத்தருகே பேனரில் சிரிக்கிற பிள்ளை வாங்கின சம்பளத்தைப் பார்க்காதீர்கள். அதே வகுப்பில் நடுவாந்திரமாகப் படித்த பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள்.

அப்படியானால் கோயம்புத்தூருக்கு உடனே பெட்டி கட்டலாமா? பொறுங்கள். எனக்கு உண்மையான பயம் அங்கேதான்.

என் மேசைக்கு ஒரு பெண் இரண்டாம் வருஷத்தின் நடுவில் கடன் கேட்டு வந்தாள். முழுக் கட்டணச் சலுகையில் ஒரு கல்லூரியில் சேர்ந்தவள். ஒவ்வொரு செமஸ்டரிலும் இவ்வளவு மதிப்பெண், ஒரு அரியர்கூட இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. சேரும்போது யாரும் அதை வாசிக்கவில்லை. தமிழ் வழியில் படித்த பிள்ளை, முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் கணக்கு நடத்தியது புரிவதற்குள் பரீட்சை வந்துவிட்டது. ஒரே ஒரு அரியர். அடுத்த செமஸ்டரில் அதை எழுதி நல்ல மார்க்கோடு தேறினாள், ஆனால் போன சலுகை திரும்பவில்லை. முதல் செமஸ்டரில் தடுக்குவது தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு நடக்கிற காரியம், அவர்கள் மக்கு என்பதால் இல்லை. அதனால் "எவ்வளவு தருகிறீர்கள்" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எதற்காக நிறுத்துவீர்கள், நிறுத்தினால் மறுபடி கிடைக்குமா, முதல் செமஸ்டருக்கு விதிவிலக்கு உண்டா என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, கல்லூரி முத்திரையோடு கடிதம் வேண்டும்.

அரசு நடத்துகிற பொறியியல் கவுன்சலிங் இன்னும் முடியவில்லை என்றால் இன்னொன்றும் செய்யலாம். அதே கல்லூரியைக் கவுன்சலிங் வழியாக எடுத்தால் இந்தச் சலுகை உண்டா என்று விசாரியுங்கள். உண்டு என்றால் அந்த வழியே நல்லது. நாளைக்குச் சலுகை போனாலும் அரசு நிர்ணயித்த கட்டணம்தான் கட்ட வேண்டியிருக்கும். வீட்டில் இவள்தான் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சலுகையும் கவுன்சலிங்கில் சேர்ந்தவர்களுக்குத்தான். விருப்பப் பட்டியலில் நம்ம திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியையும் எழுதி வையுங்கள். 1981இல் இருந்து நடக்கிற கல்லூரி, பக்கத்தில் இருப்பதாலேயே நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

விடுதிச் செலவுக்குக் கை கொடுக்க இரண்டு வழி. புதுமைப்பெண் திட்டம், அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் வந்துவிட்டது. மாதம் 1,000 ரூபாய். இன்னொன்று உங்கள் பீடி அட்டை. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நலத்துறை உதவித்தொகை தருகிறது, பொறியியலுக்கு வருஷம் 25,000 ரூபாய். கல்லூரிச் சலுகையோடு சேர்த்து வாங்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இத்தனை வருஷம் இலை வெட்டின கைக்கு இதுவாவது கிடைக்கட்டும்.

மகள் விஷயம். "நமக்கு வசதி இல்லை" என்ற ஒரு சொல்லில் முடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பிளஸ் டூ கணக்கில் நல்ல மார்க் வாங்கின பிள்ளையிடம் கணக்கையே காட்டாமல் தீர்ப்பைச் சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். இந்த 28,500ஐ அவளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அது 25 வயதில் அவள் கையைக் கட்டப்போகிற பணம். கோயம்புத்தூர்க் கல்லூரிக்குப் போன் போட்டு நிபந்தனைகளைக் கேட்கிற வேலையையும் அவளிடமே கொடுங்கள். கேட்டுவிட்டு அவள் உங்களிடம்தான் வந்து சொல்ல வேண்டியிருக்கும், பேச்சும் அப்படியே தொடங்கிவிடும்.

கடிதம் சரியாக வந்தால் கோயம்புத்தூருக்கே அனுப்புங்கள், என் முடிவு அதுதான். சென்னையில் கட்டின 25,000க்கு ரசீது இருக்கிறதல்லவா? பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அந்தந்த வருஷம் சொல்கிற கடைசித் தேதிக்குள் விலகினால் பணம் திரும்ப வர வேண்டும். விலகுவதை எழுத்தில் கொடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களை எங்கேயும் ஒப்படைத்துவிடாதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தந்தே ஆக வேண்டும்.